உரிமையாளரின் மறைவும் குடும்ப வணிகத்தின் எதிர்காலமும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய மீன் வாடிகளும் மொத்த வியாபார நிலையங்களும் பெரும்பாலும் குடும்பச் சொத்துகளாகவே இருந்து வருகின்றன. உரிமையாளர் ஏற்பாடு எதுவுமின்றிக் காலமானால், வியாபாரத்தை எவர் நடத்துவது என்பதற்கு முன்னர் அதனை எவ்வாறு பங்கிடுவது என்ற கேள்வியே எழுகின்றது.

இதற்குச் சட்டம் அனைவருக்கும் ஒரே விடையைத் தருவதில்லை. தேசவழமை வடமாகாணத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்ட தமிழருக்கே உரியது. ஏனைய தமிழருக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி வாழ்க்கைத் துணைக்கு அரைவாசியும், எஞ்சியது பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். முஸ்லிம்களுக்கோ 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இஸ்லாமிய வாரிசுரிமை விதிகளையே ஏற்கின்றது. அதன்படி மகனின் பங்கு மகளின் பங்கைப் போல் இரு மடங்காகும்.

பெயர்ப் பதிவு மட்டுமுள்ள தனியாள் கடை, சட்டத்தின் பார்வையில் உரிமையாளரினின்றும் வேறானதன்று. பங்குடைமை வியாபாரம், மாறான உடன்படிக்கை இல்லாவிடின், பங்காளர் ஒருவரின் மரணத்துடன் கலைந்துவிடும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் அமைந்த தனியார் கம்பனியோ நிலைத்திருக்கும். வாரிசுகளைச் சேர்வது பங்குகளே. அவற்றை விற்பவர் முதலில் ஏனைய பங்குதாரருக்கே வழங்க வேண்டுமென அமைப்பு விதிகளில் எழுதிவைக்கலாம்.

மரணசாசனம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடனோ, நொத்தாரிசின்றி ஐந்து சாட்சிகளுடனோ ஒப்பமிடப்படல் வேண்டும். முஸ்லிம் ஒருவர் எழுதும் நன்கொடை உறுதியில், அது மீளப்பெற முடியாதது எனக் குறிப்பிடப்படாவிடின் மீளப்பெறக்கூடியதாகவே கொள்ளப்படும். உறுதியைப் பெறுபவரிடம் கையளித்தல், உடைமையைக் கையளித்தமைக்குச் சான்றாக ஏற்கப்படும்.

வாழுங்காலத்தில், பிள்ளைகள் அறிய, சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையுடன் எழுதப்படும் ஆவணமே பின்னர் சகோதரரை நீதிமன்ற வாசலில் எதிரெதிரே நிறுத்தாது காக்கும்.