ஜாம் போத்தல் விளக்கை ஏன் ஒருத்தரும் விற்கேல்லை?

மடத்துவெளியில வயசான ஆக்களோட கதைச்சால், தங்கட அப்புவோ பெரியப்புவோ எந்த ஊரில கடை வைச்சிருந்தவர் எண்ட கதை கட்டாயம் வரும். கொழும்பு, இல்லாட்டி தெற்கில எங்கையாவது ஒரு பட்டினம். புங்குடுதீவு வியாபாரத்துக்குப் பேர்போன தீவு. இப்பிடி விற்கத் தெரிந்த சனம், போர்க்காலத்தில் தாங்களே கண்டுபிடித்த பொருள்களை மட்டும் ஏன் விற்பனைப் பொருளாக்கவில்லை?

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதும் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி, மெழுகுதிரி, சவர்க்காரம் என்று எல்லாவற்றுக்கும் தடை அல்லது கட்டுப்பாடு. மின்சாரமும் நின்றுபோனது. 1991 இல் புங்குடுதீவை இராணுவம் பிடித்தபோது தீவுச் சனத்தில் பெரும்பகுதி யாழ்ப்பாணப் பக்கம் இடம்பெயர்ந்தது. அங்கையும் அதே இருட்டுத்தான்.

அந்த இருட்டில்தான் ஜாம் போத்தல் விளக்கு வந்தது. வெறும் போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், நூல் மாதிரி மெல்லிய திரி. சுடர் போத்தலுக்கு உள்ளேயே எரியும். கண்ணாடியே சிமினி வேலையையும் பார்த்ததால் காற்றுக்கு அணையாது, எண்ணெயும் மிச்சம். இந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எடுத்தவர்கள் இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிறார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்டதும், நாலு சொட்டுப் பெற்றோலில் மோட்டார் சைக்கிளை ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியதும் அதே காலம்தான்.

விளக்கை யாராவது செய்து விற்றிருக்கலாமே என்று இப்போது கேட்பது சுகம். யாருக்கு விற்கிறது? போத்தல் சும்மா கிடைக்கும், செய்முறை எல்லா வீட்டுக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் பத்து நிமிசத்தில் செய்துபோடுவார். இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டன். அந்த அறிவு சனத்திடம் பொதுவில் இருந்தது, நல்ல விசயம். 2002 இல் ஏ-9 பாதை திறந்து சாமான் தாராளமாக வரத் தொடங்க, விளக்குக்கு இருந்த கொஞ்சத் தேவையும் முடிந்தது.

அதே 1990களின் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் வேறொரு போத்தல் விளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பெயர் விஜய கொடகும்புர. தெற்கில் மின்சாரம் போகாத கிராமங்களில் பழைய மருந்துப் போத்தலிலும் எரிந்துபோன பல்பிலும் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு எரிப்பார்கள். தட்டுப்பட்டால் விளக்கு சரியும், எண்ணெய் கொட்டும், ஆள் எரியும். அப்படி எரிந்து வந்தவர்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, வைத்தியம் பார்த்தவர் அவர்.

அவருடைய யோசனை பெரிய விஞ்ஞானம் இல்லை. குட்டையான மார்மைற் போத்தல்தான் முன்மாதிரி. சரியாதபடி அடி கனமாகவும் உயரம் குறைவாகவும் இருக்கவேண்டும். சரிந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை. உருண்டாலும் எண்ணெய் கொட்டாதபடி திருகி மூடும் உலோக மூடி. அவ்வளவுதான். ஒரு பின்னேரத்தில் கீறி முடிக்கக்கூடிய படம்.

மிச்சம் எல்லாம் சலிப்பான வேலை, எனக்கு இந்தக் கதையில் பிடித்ததும் அந்தப் பகுதிதான். கண்ணாடிக்கு அச்சு வேண்டும். மலிவாகச் செய்து தர ஒரு தொழிற்சாலை வேண்டும், அதற்குக் காசு வேண்டும். பழைய கண்ணாடியை உருக்கிச் செய்து விலையைக் குறைத்தார்கள். ஆனால் உண்மையான சிக்கல் வேறை: இந்த விளக்குக்குப் போட்டி இன்னொரு கம்பனி இல்லை, குப்பையில் சும்மா கிடக்கிற போத்தல்! அதைப் பாவிக்கிற ஏழையிடம் 'இது பாதுகாப்பு, காசைத் தா' என்றால் எப்படி வாங்குவார்? அதனால் பாவிக்கிறவர் ஒருவர், காசு கொடுக்கிறவர் இன்னொருவர் என்று பிரித்தார். அறக்கட்டளை ஒன்று அமைத்து, தூதரகம், நன்கொடையாளர் என்று கதவு கதவாகத் தட்டி, விளக்குகளைச் சனத்திடம் சேர்த்தார். 1998 இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. லட்சக்கணக்கில் விளக்குகள் போய்ச் சேர்ந்தன.

கண்டுபிடிப்பு என்றதும் எங்கட பொடியள் முதலில் கேட்பது 'பேற்றன்ற் எடுக்கலாமோ?' என்றுதான். எடுக்கலாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இலங்கையில் அதற்கு 20 வருட ஆயுள். ஆனால் பேற்றன்ற் மற்றவர் செய்வதைத் தடுக்குமே தவிர, ஒருத்தரை வாங்க வைக்காது. ஊரே செய்து பழகிய ஜாம் போத்தல் விளக்குக்கு அது கிடைக்கவும் மாட்டாது, அதில் புதுமை இல்லை.

ஒன்று செய்யலாம். அந்த விளக்கைச் செய்த கைகள் இன்னும் எங்களோட இருக்கின்றன. திரி பிடிக்கிற துண்டை வீட்டுக்கு வீடு வேறை விதமாகச் செய்திருக்கிறார்கள். ஒருக்கால் செய்து காட்டச் சொல்லி, அளவெடுத்து, படம் கீறி வையுங்கோ. எது சரிந்தது, எது சரியவில்லை என்றும் கேட்டு எழுதுங்கோ.