சேம அச்சு: வண்டிப் பழுதின் செலவுக்கு ஒரு சிறு வரலாறு

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, திருச்சியில் பெய்த பெருமழையின்போது, ரயில் பாலத்தின் அடியில் தேங்கியிருந்த நீரில் நமது கார் நின்றுபோனது. ஒன்பது ஆண்டுகள் ஓடிய வண்டி. பின்னால் நின்ற பேருந்து ஓயாமல் ஒலி எழுப்பியது. பதற்றத்தில் சாவியை ஒருமுறை திருப்பினோம். உள்ளே இரும்பு இரும்பில் மோதியது போன்ற ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். மறுவாரம் நிறுவனப் பணிமனை தந்த மதிப்பீடு 1,48,000 ரூபாய். வண்டியை முந்தைய நாள் விற்றிருந்தால் இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்திருக்கும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென வங்கியில் ஒதுக்கி வைத்திருந்ததோ 1,60,000 ரூபாய்.

இதைக் கேட்ட நண்பர்கள் அனைவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: 'எதிர்பாராத செலவு.' தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அந்தச் சொல் உறுத்தியது. வண்டி என்று ஒன்று இருந்தால் அது ஒருநாள் பழுதாகும் என்பதை அறியாதவர் யார்? பழுது எதிர்பார்க்கத்தக்கதுதான் என்றால், அதன் செலவு மட்டும் எப்படி எதிர்பாராததாயிற்று? அந்தக் கேள்விக்கு விடை தேடி மெல்லப் பின்னோக்கிச் சென்றதன் குறிப்புகளே இவை.

1

வண்டிப் பழுதைப் பற்றித் தமிழில் கிடைக்கும் பழைய செய்திகளுள் ஒன்று புறநானூற்றின் 102ஆம் பாட்டில் இருக்கிறது. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. உப்பு வணிகர்களின் வண்டியை அவர் உவமையாக எடுத்துக்கொள்கிறார். பாரம் மிகுதி, பாதையோ மேடும் பள்ளமும். வழியில் என்ன நேருமோ என்று கருதிய உமணர்கள் வண்டியின் அடியில் கூடுதலாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். குடிகளுக்கு நெருக்கடியில் உதவும் மன்னன் அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்பது பாட்டின் கருத்து.

வகுப்பறையில் இப்பாட்டை நடத்தும்போதெல்லாம் மன்னனைப் பற்றியே பேசி முடித்துவிடுவோம். இம்முறை வண்டியைப் பார்த்தோம். உமணனிடம் மூன்று செல்வங்கள் இருந்தன. எது உடையும் என்ற அறிவு அவனிடம் இருந்தது. உடைந்தால் மாட்டவேண்டிய பொருள் அவன் வண்டியிலேயே இருந்தது. மாட்டத் தெரிந்த கை அவனுடையது, அல்லது உடன் வரும் கூட்டத்தாருடையது. அச்சு முறிந்தால் அவனுக்கு ஒரு பொழுது வீணாகும், வாழ்வு குலையாது. அறிவு, பொருள், கை என்னும் இம்மூன்றும் வண்டிக்காரனிடமிருந்து எவ்வாறு ஒவ்வொன்றாக விலகின என்பதே மோட்டார் வண்டிப் பழுதின் வரலாறு எனலாம்.

2

மோட்டார் கார் பிறந்தபோது அதற்குச் சேம அச்சு இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்கள் கூடுதல் சக்கரம் இன்றியே விற்கப்பட்டன. டயரில் காற்றுப் போனால் சாலையோரம் அமர்ந்து ஒட்டுப் போடவேண்டும். 1904-இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்னும் ஊரில், டேவிஸ் சகோதரர்கள் ஆரங்கள் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரைப் பொருத்தி, பழுதான சக்கரத்தின்மீது கவ்வி மாட்டும்படி ஓர் உபாயம் கண்டார்கள். அவர்களது கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. அந்தப் பெயரே பொருளுக்கும் ஆகிவந்தது. ஆங்கிலேயர் நாட்டில் அச்சொல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. நம் நாட்டிலோ லாரி ஓட்டுநர் முதல் ஆட்டோ ஓட்டுநர் வரை அனைவரும் இன்றும் 'ஸ்டெப்னி' என்றே சொல்கிறார்கள். சேம அச்சு என்ற பழஞ்சொல்லின் இடத்தை நிரப்பியது வேல்ஸ் நாட்டுத் தெரு ஒன்றின் பெயர்!

அக்காலத்தில் கார் வைத்திருந்தோர் ஜமீன்தார்களும் வெள்ளை அதிகாரிகளும் பெருவணிகர்களுமே. ஓட்டுநரை ஆங்கிலேயர் அழைத்த 'ஷோபர்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு முதற்பொருள் நெருப்பு மூட்டுபவர் என்பது. நீராவி எந்திரக் காலத்தின் மிச்சம் அது. ஓட்டுவதோடு எந்திரத்தைப் பேணுவதும் அவர் வேலையாக இருந்தது. சென்னையில் 1840 முதல் குதிரை வண்டித் தொழிலில் இருந்த சிம்சன் நிறுவனம் பின்னர் மோட்டார் வண்டிகளுக்கு மாறியது. குதிரை வண்டி கட்டிய தச்சரும் கொல்லரும் கொண்டுவந்த கைப்பழக்கம் மோட்டார்ப் பட்டறைக்குள்ளும் நுழைந்தது. அறிவு வண்டியின் உரிமையாளரிடமிருந்து ஓட்டுநருக்கும், அவரிடமிருந்து பட்டறைக்கும் சென்றது இப்படித்தான். ஆயினும் அது கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே இருந்தது.

3

விடுதலைக்குப் பின் வந்த நாற்பதாண்டுகளை நாம் அனைவரும் அறிவோம். 1953-இல் சுங்கவரி ஆணையம், இந்தியாவிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்களை மட்டுமே அனுமதிக்கலாம் எனப் பரிந்துரைத்தது. பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்ற அயல்நாட்டு நிறுவனங்கள் வெளியேறின. கார் என்றால் கல்கத்தா அருகே உத்தர்பாராவில் செய்த ஹிந்துஸ்தான், பம்பாயில் செய்த பியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு என்று மூன்றே குலங்கள் எஞ்சின.

1957-இல் வந்த அம்பாசடர் 2014 மே மாதம் வரை உற்பத்தியானது. வெளித்தோற்றத்தில் ஐம்பத்தேழு ஆண்டுகளில் பெரிய மாறுதல் இல்லை. இதை நாட்டின் தேக்கத்துக்கு உதாரணமாகச் சொல்வதுண்டு, அது உண்மையே. ஆனால் பழுதின் கோணத்திலிருந்து பார்த்தால் வேறொன்று புலப்படும். ஒரே வண்டி அரை நூற்றாண்டு ஓடியதால் அதன் உடற்கூறு ஊர் அறிந்த பொருளாயிற்று. ஒட்டன்சத்திரத்துப் பட்டறையிலும் அதன் கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்த சிறுவன் இருந்தான்.

நம் மண்ணில் பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்னும் சிறப்பானது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பகுதியில் 1961 முதல் செய்யப்பட்ட அவ்வண்டியின் முன்மூடி, சக்கர மேற்கூடுகளோடு சேர்ந்து முன்புறமாக மொத்தமாகக் கவிழ்ந்து திறக்கும். எந்திரம் முழுவதும் கைக்கெட்டும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே அமர்ந்து வேலை செய்யலாம். உடலும் பகுதி பகுதியாகத் திருகாணியால் பூட்டப்பட்டதுதான்; நசுங்கிய பகுதியைத் தனியே கழற்ற முடியும்.

ஆனால் இதைப் பொற்காலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அவ்வண்டிகள் அடிக்கடி நின்றன. மலைப்பாதையில் ரேடியேட்டர் கொதிப்பதும், பயணிகள் இறங்கித் தள்ளுவதும் அன்றாடக் காட்சிகள். போலி உதிரிபாகங்கள் தாராளமாகப் புழங்கின. அக்காலத்துப் பழுதின் விலையை மக்கள் பணத்தைவிடப் பொழுதாகவும் உடலுழைப்பாகவும் கொடுத்தார்கள். அதோடு, தயாரிப்பாளர் கடையைக் கட்டினால் உரிமையாளரின் கதி என்ன என்பதையும் அக்காலமே காட்டிற்று. 1985-இல் பெரும் எதிர்பார்ப்போடு வெளிவந்த ஸ்டாண்டர்டு 2000 மூன்றே ஆண்டுகளில் நின்றுபோனது. தொழிற்சாலை மூடிய பிறகு பாகத்துக்கு எங்கே போவது? பெரும்பாலும் சென்னைப் புதுப்பேட்டைக்குத்தான். பழைய வண்டிகளை உடைத்து, உயிருள்ள உறுப்புகளைப் பிரித்து அடுக்கி விற்கும் அத்தெருக்கள், நகரத்துக்கே பொதுவான சேம அச்சாக இருந்தன.

4

1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாலைக்கு வந்தது. 1991-க்குப் பின் உலகின் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வண்டிகள் நம்பகமாயின, ஆண்டில் ஒருமுறை பணிமனைக்குச் சென்றால் போதும் என்றாயிற்று. காற்று மாசைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2000 முதல் இறுகின. கார்ப்பரேட்டர் விலகி, எரிபொருளைக் கணினி அளந்து தெளிக்கும் முறை வந்தது. எந்திரம் தன் குறையைத் தானே பதிந்துகொள்ளும் கருவி 2010 முதல் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. இவை யாவும் நன்மைகளே. நகரங்களில் நாம் இழுக்கும் மூச்சு இவற்றுக்குக் கடன்பட்டிருக்கிறது.

எனினும் இதே காலத்தில் இரண்டு மாற்றங்கள் ஓசையின்றி நிகழ்ந்தன. முதலாவது, விற்கப்படும் பாகத்தின் அளவு பெருத்தது. முன்பு விளக்கின் பல்பு எரிந்துபோனால் பல்பை மாற்றினோம். இன்று பல வண்டிகளில் முகப்பு விளக்கு முழுவதும் ஒரே மூடிய பொருள். சிறு உறுப்பு கெட்டாலும் 'அசெம்ப்ளி' மொத்தத்தையும் வாங்கவேண்டும். 'பழுதுபார்த்தல்' என்ற சொல்லில் உள்ள 'பார்த்தல்' கழன்று, 'மாற்றுதல்' அங்கே வந்தமர்ந்தது. இரண்டாவது, பழுதை வாசிக்கும் கருவியும் அதன் கடவுச்சொல்லும் நிறுவனத்தின் கையில் நின்றன. ஊர்ப் பட்டறைக்காரர் கெட்டிக்காரர்தான். ஆனால் அவருக்கு அந்த மொழியைக் கற்பிக்க யாருமில்லை.

2011 ஜனவரியில் தனிமனிதர் ஒருவர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டார். மூன்று நிறுவனங்களைப் பற்றித் தொடங்கிய விசாரணை விரிந்துகொண்டே போயிற்று. 2014 ஆகஸ்டு 25-இல் ஆணையம் 14 கார் நிறுவனங்களின்மீது மொத்தம் ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்காதபடி தடுத்ததும், அதனால் போட்டியின்றி விலை வைத்ததும் குற்றமாகக் காணப்பட்டன. தனிப் பட்டறைகளுக்கும் பாகங்களையும் கருவிகளையும் கிடைக்கச் செய்யவேண்டும் என்றும் உத்தரவிடப்பட்டது. அந்தப் பதினான்கில் அம்பாசடரைச் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் ஒன்று என்பதைப் பழமையைப் போற்றுவோர் நினைவில் கொள்ளவேண்டும். நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன; வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. 2022-இல் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்து ஒரு குழு அமைத்தது. கைப்பேசி, வீட்டு உபயோகப் பொருள், உழவுக் கருவி ஆகியவற்றோடு மோட்டார் வண்டியும் அதில் இடம்பெற்றது.

வரியையும் இங்கே சொல்லவேண்டும். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது மோட்டார் உதிரிபாகங்கள் பலவற்றுக்கு 28 விழுக்காடு விதிக்கப்பட்டது. பழுது என்பது விரும்பி வாங்கும் ஆடம்பரம் போல எட்டு ஆண்டுகள் கருதப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல்தான் அது 18 விழுக்காடாகக் குறைந்தது.

5

காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் 1946 ஜூலை முதல் காப்பீடு கட்டாயமானது. ஆனால் கட்டாயமானது பிறருக்கு நாம் விளைவிக்கும் கேட்டுக்கான காப்பீடு மட்டுமே, இன்றும் அப்படியே. நமது வண்டிக்கு நேரும் சேதம் விருப்பத்தின்பேரில் எடுக்கும் தனிப்பகுதி. அதிலும் வழக்கமான ஒப்பந்தத்தில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் எனப் பாதித் தொகை கழியும். தானே தேய்ந்து கெடும் எந்திரத்துக்கு ஒன்றும் கிடையாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைவாசிகள் பலர் இந்த நுண்ணெழுத்துகளை முதன்முறையாகப் படித்தார்கள். நீர் அமுங்காத பொருள். சிலிண்டருக்குள் நீர் புகுந்த நிலையில் எந்திரத்தை இயக்கினால், மேலேறும் பிஸ்டன் நீரில் முட்டி நிற்கும். அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும். வெள்ளத்தால் வந்த சேதத்துக்குக் காப்பீடு உண்டு. நீரில் நின்ற வண்டியை நாமே இயக்கியதால் வந்த சேதம் 'விளைவுச் சேதம்' எனப்பட்டு மறுக்கப்படும். எந்திரப் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவுக்குத் தனியே பணம் கட்டியிருக்கவேண்டும். நாம் கட்டவில்லை. ஒருமுறை சாவியைத் திருப்பிய குற்றத்துக்கு 1,48,000 ரூபாய்.

6

இறுதியில் வண்டியைப் பாலக்கரையில் நமக்குத் தெரிந்த பாய் ஒருவரின் பட்டறைக்கு இழுத்துச் சென்றோம். முன்மூடியைத் திறக்கும் முன்பே அவர் கேட்டார்: "சார், தண்ணியில நின்னதும் சாவியத் திருப்பினீங்களா?" ஆம் என்றோம். "ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்," என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் உமணனின் முதற்செல்வம் அடங்கியிருந்தது. எது உடையும் என்ற அறிவு அவரிடம் இருந்தது. நம்மிடம் இருந்திருந்தால் செலவு காற்று வடிகட்டியோடும் எண்ணெயோடும் முடிந்திருக்கும்.

நிறுவனப் பணிமனை எந்திரத்தின் கீழ்ப்பாதி முழுவதையும் மாற்றவேண்டும் என்றிருந்தது. பாய் பிரித்துப் பார்த்தார். நான்கு ராடுகளில் வளைந்தது ஒன்று; அதனோடு ஒரு பிஸ்டன், பேரிங்குகள், கேஸ்கட்டுகள். கணினியில் பதிந்திருந்த குறைகளை நீக்க மட்டும் கருவி வைத்திருந்த வேறொருவரை வரவழைத்தார். பதினெட்டு நாள்கள், 67,000 ரூபாய். அதுவும் நமக்குப் பெருந்தொகையே. மகளின் கட்டணத்தில் குறைந்த பகுதியைக் கூட்டுறவுச் சங்கத்தில் கடனாக எடுத்தோம்.

2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. ட்யூப் இல்லாத டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், ஒட்டுப்போடும் பெட்டியும் இருந்தால் கார்களில் ஸ்டெப்னி தேவையில்லை என்றாயிற்று. இடமும் எடையும் மிச்சம் என்பது உண்மைதான். நூறாண்டுகளுக்கு முன் வந்த சேமம் இவ்வாறு சந்தடியின்றி இறங்கிப்போகிறது. அதன் இடத்தில் உரிமையாளரிடம் இருப்பது ஒரு காப்பீட்டுத் தாளும் ஒரு தொலைபேசி எண்ணும்.

எதிர்பாராத செலவு என்று நாம் சொல்வதன் பொருள் இப்போது ஓரளவு விளங்குகிறது. உமணன் எதிர்பார்த்தான், ஏனெனில் எதிர்பார்த்ததற்கு ஏற்ப எதையாவது செய்ய அவனால் முடிந்தது. நமது வண்டியில் எது கெடும், அது என்ன விலை, யார் மாற்றுவார் என்ற மூன்றும் வேறெவரிடமோ இருக்கும்போது, எதிர்பார்த்தும் பயனில்லை என்று மனம் அந்த நினைவையே ஒதுக்கிவிடுகிறது. ரசீது வரும் நாளில் திகைக்கிறோம்.

இம்மாதம் முதல் அஞ்சலகத்தில் மாதம் 1,500 ரூபாய் கட்டும் கணக்கு ஒன்று தொடங்கியிருக்கிறோம். காப்பீட்டைப் புதுப்பித்தபோது எந்திரப் பாதுகாப்பையும் சேர்த்தாயிற்று. அஞ்சலகப் புத்தகத்தின் அட்டையில் மகள் பென்சிலால் 'சேம அச்சு' என்று எழுதி வைத்திருக்கிறாள்.