ஆங்கிலத்திற் குடிபுகுந்த ஜேர்மன் சொற்கள்

கல்வெட்டும் நாணயமும் போலச் சொல்லும் வரலாற்றுக்குச் சான்றாகும். ஓரினத்தார் பிறிதோரினத்தாரிடம் எதனைக் கற்றனர் என்பதை அவர் கடன்கொண்ட சொற்களே காட்டிவிடும். ஆங்கிலம் ஜேர்மன் மொழியிலிருந்து பெற்ற சொற்களை இந்நோக்குடன் ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஓர் ஐயத்தை நீக்குதல் வேண்டும். வீட்டைக் குறிக்கும் 'ஹவுஸ்' என்னுஞ் சொல் இருமொழியிலும் உளது. ஆங்கில 'வாட்டர்' ஜேர்மனில் 'வாசர்' என வழங்கும். இவை கடனல்ல. கி. பி. 5ஆம் நூற்றாண்டளவில் அங்கிளரும் சட்சனியரும் கடல்கடந்து பிரித்தானியாவிற் குடியேறியபோது உடன்கொணர்ந்த முதுசொம் அவை. தமிழிற் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' என நிற்பது போன்றதே இவ்வுறவு. கடன் என்பது, இரு மொழிகளும் பிரிந்து நெடுங்காலஞ் சென்றபின் நிகழ்ந்தது.

அக்கடனின் பழைய பகுதி நிலத்தின் அடியிலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டிற் சுரங்கத் தொழிலில் ஜேர்மானியர் தலைசிறந்து விளங்கினர். முதலாம் எலிசபெத் அரசியார் காலத்திற் செம்பு அகழ்தற்கென ஜேர்மன் தொழிலாளர் இங்கிலாந்தின் கெசிக் என்னும் ஊருக்கு வரவழைக்கப்பட்டனர். 'குவாட்ஸ்', 'சிங்க்', 'கோபாற்று', 'நிக்கல்' முதலிய சொற்கள் பின்னர் ஆங்கிலத்திற் புகுந்தமைக்கு இக்கலையுயர்வே காரணம். இவற்றுட் பின்னைய இரண்டின் வரலாறு சுவை மிக்கது. சில கனிப்பொருள்கள் வெள்ளியோ செம்போ தாராது, உருக்குங்கால் நச்சுப்புகையை எழுப்பின. இது சுரங்கப் பேயின் சூழ்ச்சியெனக் கருதிய தொழிலாளர், ஒன்றனைக் 'கோபோல்ட்' என்னும் பேயின் பெயராலும், மற்றொன்றனைச் 'செம்புப் பேய்' என்னும் பொருளில் 'குப்பர்நிக்கல்' எனவும் அழைத்தனர். 18ஆம் நூற்றாண்டிற் சுவீடன் நாட்டு அறிஞர் பிராண்ட் முன்னையதிலிருந்து கோபாற்றையும், குரோன்ஸ்டெட் 1751இல் நிக்கலையும் பிரித்தெடுத்தனர். பேய் மறைந்தது, பெயர் நிலைத்தது.

'டொலர்' என்பதும் சுரங்கத்தின் சேயே. பொகீமியாவின் யோவாகிம்ஸ்தால் என்னும் பள்ளத்தாக்கில் 1520ஆம் ஆண்டளவில் அடிக்கப்பெற்ற வெள்ளிக்காசு, ஊர்ப்பெயராற் 'தாலர்' எனப்பட்டது. அதுவே திரிந்து டொலராகி, 1792ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஐக்கிய அமெரிக்காவின் நாணய அலகாயிற்று.

இனிக் கல்வித் துறைக்கு வருவாம். 1840இல் பிரடெரிக் புரோபெல் தாம் நடாத்திய பாலர் நிலையத்துக்குக் 'கிண்டர்கார்டன்', அஃதாவது 'சிறுவர் தோட்டம்', எனப் பெயர் சூட்டினார். செடியைப் பேணுவது போலக் குழவியைப் பேணல் வேண்டுமென்பது அவர் கருத்து. ஆயின் புருசிய அரசு, நாத்திகமும் சமவுடைமையும் பரப்புவன என ஐயுற்று, 1851இல் இந்நிலையங்களைத் தடை செய்தது. அடுத்த ஆண்டிற் புரோபெல் மறைந்தார். 1860இலேயே தடை நீங்கிற்று. எனினும், தடை பிறந்த அவ்வாண்டிலேயே பேர்தா ரோங்கே என்னும் அம்மையார் இலண்டனில் அத்தகைய பள்ளியொன்றைத் திறந்தார். 1856இல் அவர் தங்கை மார்கரேத் சூர்ஸ் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் மற்றொன்றை நிறுவினார். பிறந்தகம் வெறுத்த சொல்லை வேற்றகம் வளர்த்தது.

முதலாம் உலகப் போர் இச்சொற்களுக்கு ஒரு சோதனையாயிற்று. 1917இற் பிரித்தானிய அரச குடும்பமே தன் ஜேர்மன் பெயரைக் களைந்து 'வின்சர்' என்னும் பெயரை ஏற்றது. அமெரிக்காவிற் 'சவர்கிரவுட்' என்னும் புளித்த கோவாக் கறியைச் சிலர் 'சுதந்திரக் கோவா' என்றனர். இங்கிலாந்தில் ஜேர்மன் மேய்ப்பு நாய் 'அல்சேசியன்' ஆயிற்று. ஆயினும் கோவா பழைய பெயருக்கே மீண்டது. நாயும் 1977இல் அங்குத் தன் பழைய பெயரை மீளப் பெற்றது. 'கிண்டர்கார்டனோ' போர் முழுவதும் அமெரிக்கச் சிறாரின் வாயில் வழங்கியே வந்தது. 1940இல் இலண்டன் மீது குண்டு பொழிந்தபோது, அவ்வழிவைக் குறிக்கவும் மக்கள் பகைவர் மொழியின் 'பிளிட்ஸ்', அஃதாவது 'மின்னல்', என்ற சொல்லையே ஆண்டனர்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? ஆணையாற் புகுத்திய சொல் வேரூன்றுவது அரிது. தேவையால் வந்த சொல்லைப் பகைமையும் பெயர்க்கமாட்டாது. மொழித் தூய்மை பேணுவோரும் பிறசொல் வேண்டுவோரும் இதனை ஒருங்கே எண்ணிப் பார்த்தல் நன்று. கடன்கொண்ட சொல் ஒவ்வொன்றும், ஓரினம் மற்றோரினத்தின் முன் மாணாக்கனாய் அமர்ந்த ஒரு காலத்தின் பதிவு ஆகும்.