பள்ளி விட்ட பிறகு: புரூக்ளின் சிறுவர் அருங்காட்சியகமும் மாலை நேர இயற்கை வகுப்புகளும்

பள்ளி முடிந்த மாலை வேளையில் குழந்தைகள் ஓர் அருங்காட்சியகத்துக்குச் சென்று, பூச்சியையும் பாறையையும் பறவையின் கூட்டையும் கையில் எடுத்துப் பார்த்து, ஆசிரியர் ஒருவரின் துணையோடு அறிவியல் கற்கும் முறை இன்று உலகின் பல பெருநகரங்களில் வழக்கமாகிவிட்டது. இம்முறைக்கு நிலையான நிறுவன வடிவம் கிடைத்த தொடக்க கால இடங்களுள் முதன்மையானது நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதி ஆகும். 1899 டிசம்பர் 16 அன்று அங்கே திறக்கப்பட்ட சிறுவர் அருங்காட்சியகமே குழந்தைகளுக்கென்று தனியே அமைந்த உலகின் முதல் அருங்காட்சியகம் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதன் வரலாற்றில் காட்சிப் பொருள்களின் இடத்தைவிட, பள்ளிக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட சில மணி நேரத்தை அது கையாண்ட விதமே முக்கியமானது. ஏனெனில் அந்த நேரத்தில் வரும் குழந்தை எவருடைய கட்டாயத்துக்கும் உட்பட்டு வரவில்லை.

இந்த முயற்சிக்குப் பின்னணியாக அமைந்தது அமெரிக்கப் பள்ளிகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய இயற்கைக் கல்வி இயக்கம். பாடநூலில் உள்ள வரையறைகளை மனப்பாடம் செய்வதற்கு முன் உயிருள்ள செடியையும் விலங்கையும் நேரில் உற்றுநோக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கொள்கை. விலங்கியலாளர் லூயி அகாசி 1873இல் மாசசூசெட்ஸ் கடற்கரைக்கு அப்பாலுள்ள பெனிகீஸ் என்னும் சிறு தீவில் ஆசிரியர்களுக்காக நடத்திய கோடைக்காலப் பள்ளி இக்கொள்கைக்கு முன்மாதிரியாக அமைந்தது. வில்பர் ஜாக்மன் 1891இல் பொதுப் பள்ளிகளுக்கான இயற்கைக் கல்வி நூலை வெளியிட்டார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் லிபர்ட்டி ஹைட் பெய்லியும் ஆனா பாட்ஸ்ஃபோர்டு காம்ஸ்டாக்கும் கிராமப்புற ஆசிரியர்களுக்காகத் துண்டறிக்கைகளை அச்சிட்டு அனுப்பினர். ஆனால் வயலும் ஓடையும் அருகில் இருக்கும் ஊர்ப் பள்ளிக்கு எளிதான இந்த முறை, 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த புரூக்ளினில் அவ்வளவு எளிதன்று. வெளிநாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் நிரம்பி வழிந்த வகுப்பறையில், ஒரு புழுவை ஒவ்வொரு மாணவரும் அருகில் வைத்துப் பார்க்க இடமும் இல்லை, நேரமும் இல்லை.

அக்காலத்து அருங்காட்சியகங்களும் இக்குறையை நிரப்பும் நிலையில் இல்லை. பூட்டிய கண்ணாடிப் பேழைகள், பெரியவர்களின் கண் மட்டத்தில் வைக்கப்பட்ட பொருள்கள், லத்தீன் பெயர் மட்டும் எழுதிய விளக்கச் சீட்டுகள் ஆகியவை அறிஞர்களையும் வளர்ந்த பார்வையாளர்களையும் கருதியே அமைக்கப்பட்டிருந்தன. புரூக்ளினில் இந்நிலை மாறுவதற்கு ஒரு காலி வீடு காரணமாயிற்று. தொழில் பழகுநர்களுக்காக 1823இல் தொடங்கப்பட்ட நூலகம் ஒன்றிலிருந்து வளர்ந்த புரூக்ளின் கலை அறிவியல் கழகம், தன் சேகரிப்புகளின் ஒரு பகுதியை பெட்ஃபோர்டு பூங்காவிலிருந்த ஆடம்ஸ் இல்லம் என்னும் பழைய மாளிகையில் வைத்திருந்தது. 1897இல் ஈஸ்டர்ன் பார்க்வே சாலையில் கழகத்தின் பெரிய அருங்காட்சியகக் கட்டடம் திறக்கப்பட்ட பின் அந்த மாளிகைக்கு வேறு பயன் தேட வேண்டியதாயிற்று. கழகத்தின் நுண்கலைக் காப்பாட்சியராக, அதாவது சேகரிப்புகளைப் பேணி ஒழுங்குபடுத்தும் பொறுப்பாளராக இருந்த வில்லியம் ஹென்றி குட்இயர், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழிலாளர் குடும்பங்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் கருத்தில் கொண்டு டி. சி. ஹார்ஸ்ஃபால் நிறுவியிருந்த கலை அருங்காட்சியகத்தால் ஈர்க்கப்பட்டு, இந்த வீட்டைச் சிறுவர்களுக்கென்றே ஒதுக்கலாம் என்னும் யோசனையை முன்வைத்தார்.

யோசனை குட்இயருடையது என்றாலும் அதற்கு அன்றாட வடிவம் தந்தவர் ஆனா பில்லிங்ஸ் கேலப். கனெக்டிகட் மாநிலத்தில் 1872இல் பிறந்த இவர், வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் கல்வி நிலையத்தில் உயிரியல் கற்பித்தவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அத்துறையையே பயின்றவர். 1902இல் துணைக் காப்பாட்சியராகப் பணியில் சேர்ந்து, இரண்டு ஆண்டுகளில் காப்பாட்சியராகி, 1937 வரை அப்பொறுப்பிலேயே இருந்தார். பள்ளிக்கூடத்தின் இன்னொரு கிளையாக அருங்காட்சியகம் மாறிவிடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். வருகைப்பதிவு, தேர்வு, மதிப்பெண் எதுவும் அங்கு இல்லை, கட்டணமும் இல்லை. பிள்ளை வரலாம், பிடிக்காவிட்டால் நடுவில் எழுந்து போகலாம். ஆகவே கற்பிப்பவர் தம் பேச்சாலும் பொருளாலும் பிள்ளைகளை ஒவ்வொரு நாளும் புதிதாக ஈர்க்க வேண்டியிருந்தது.

மாலை நேரப் பணி பல அடுக்குகளாக அமைந்தது. கண்ணாடித் தகட்டுப் படங்களை விளக்கொளியால் திரையில் காட்டிச் செய்யப்படும் குறுகிய சொற்பொழிவு ஒன்று. அது பெரும்பாலும் அவ்வேளையில் பள்ளியில் நடக்கும் பாடத்தையோ, வெளியே நிகழும் பருவ மாற்றத்தையோ ஒட்டியிருக்கும். சொற்பொழிவு முடிந்ததும் பிள்ளைகள் விலங்கு, பறவை, கனிமம், தாவரம் எனப் பிரித்த சிறு அறைகளுக்குச் சென்று, கேட்ட செய்தியைப் பொருளோடு பொருத்திப் பார்த்தனர். அதே கட்டடத்தில் இயங்கிய அறிவியல் நூலகம், அவர்கள் எழுப்பும் கேள்விக்கு விடை தேடும் இடமாயிற்று. மீன் தொட்டிகளும், கண்ணாடிச் சுவர் வழியே தேனீக்களின் வேலையைக் காணத்தக்க தேன்கூடும் உயிருள்ள பாடங்களாக இருந்தன. கேலப் 1908இல் ‘பாப்புலர் சயின்ஸ் மந்த்லி’ இதழில் எழுதிய கட்டுரை இம்முறையைப் பரந்த வாசகர்களுக்கு அறிமுகம் செய்தது.

இவற்றுள் பூச்சி பற்றிய வேலை தனியே கவனிக்கத்தக்கது. அந்துப்பூச்சியின் கூட்டைக் கிளையோடு ஒடித்து வந்து வலைக் கூண்டில் வைக்கும் பிள்ளை, அது வெளிவரும் வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளிவந்த பூச்சியின் ஈரமான சுருங்கிய சிறகுகள் விரிந்து காய்வதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, அது இடும் முட்டையிலிருந்து வரும் புழு எந்த இலையைத் தின்கிறது, எந்த இலையைத் தொடாமல் விடுகிறது என்பவற்றை ஒரே நாளில் அறிய முடியாது. எனவே இந்த வேலை பிள்ளையை மீண்டும் மீண்டும் அங்கே வரவழைத்தது. ஒருமுறை வந்து சுற்றிப் பார்த்துச் செல்லும் பார்வையாளர், ஓர் உயிரின் வளர்ச்சியைத் தொடர்ந்து கவனிக்கும் மாணவராக மாறினார். அருங்காட்சியகக் கல்வியில் புரூக்ளின் செய்த மாற்றத்தின் சாரம் இதுவே.

இயற்பியல் பிரிவில் இந்த மாற்றம் எதிர்பாராத எல்லை வரை சென்றது. 1900களின் நடுவில், கம்பியில்லாத் தந்தி பெரும்பாலான மக்களுக்குச் செய்தித்தாள் வழியாக மட்டுமே தெரிந்திருந்த காலத்தில், துணைக் காப்பாட்சியர் மேரி டே லீயின் வழிகாட்டலில் சிறுவர்கள் அருங்காட்சியகத்திலேயே ஒரு கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அமைத்து இயக்கினர். அதில் முன்னின்ற ஆஸ்டன் கர்ட்டிஸும், அங்கு வந்து பழகிய லாய்டு எஸ்பென்ஷீடும் பின்னாளில் தொலைத்தொடர்புப் பொறியாளர்களாயினர். 1915இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் கடற்படை நிலையத்திலிருந்து மனிதக் குரலை வானொலி அலைகள் வழியாகக் கடல் கடந்து அனுப்பிச் சோதித்தபோது, பாரிஸில் அதைக் கேட்கக் காத்திருந்த பொறியாளர்களுள் ஒருவர் கர்ட்டிஸ். ஹவாயின் பேர்ல் ஹார்பரில் அதைக் கேட்டவர் எஸ்பென்ஷீடு. எஸ்பென்ஷீடு பின்னர் ஓரச்சு வடம் எனப்படும் தொலைத்தொடர்புக் கம்பி வடத்தை ஹெர்மன் அஃபெல்லுடன் இணைந்து உருவாக்கினார். இத்தகைய சாதனையாளர்கள் மிகச் சிலரே என்றாலும், நிறுவனத்தின் பயனை நிதி வழங்குவோருக்கு எடுத்துக்காட்ட இவர்களின் கதை உதவியது.

சிறுவர் அருங்காட்சியகத்தின் வளர்ச்சியைப் பெண்களின் உழைப்பிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. அறிவியல் பட்டம் பெற்ற பெண்களுக்குப் பல்கலைக்கழக ஆய்வகங்களிலும் பெரிய அருங்காட்சியகங்களிலும் உயர் பதவிகள் அரிதாக இருந்த நிலையில், குழந்தைகளுக்குக் கற்பித்தல் பெண்களின் இயல்பான வேலை என்று அக்காலம் கருதியது. பெண்களின் வாய்ப்பைக் குறுக்கிய இந்த எண்ணமே அவர்களுக்கு ஒரு நிறுவனத்தின் தலைமையை அளித்தது என்பது அக்காலத்தின் முரண். பணியாளர்களாக மட்டுமன்றி, நிதி திரட்டும் துணைக் குழுவாகவும் புரூக்ளின் பெண்கள் இயங்கினர்.

இம்மாதிரி பிற நகரங்களுக்கும் பரவியது. பாஸ்டனில் அறிவியல் ஆசிரியர்களின் குழு ஒன்று 1913இல் சிறுவர் அருங்காட்சியகத்தைத் திறந்தது; 1917இல் டெட்ராய்ட்டும் 1925இல் இண்டியானாபொலிஸும் தொடர்ந்தன. இண்டியானாபொலிஸில் அதை நிறுவிய மேரி ஸ்டூவர்ட் கேரி, புரூக்ளினை நேரில் கண்ட பின்னரே அம்முயற்சியில் இறங்கினார். இவற்றுக்கு முன்பே வாஷிங்டனில் வேறொரு வழியும் முயலப்பட்டது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலர் சாமுவேல் லாங்லி 1901இல் அமைத்த சிறுவர் அறையில் பேழைகள் தாழ்வாக வைக்கப்பட்டன. விளக்கச் சீட்டுகள் எளிய மொழியில் எழுதப்பட்டன. குழந்தையின் கண்ணுக்கு ஏற்பப் பொருளை வைப்பதே அங்கு முதன்மையாயிற்று. புரூக்ளினிலோ குழந்தையோடு உட்கார்ந்து கற்பிக்கும் ஆசிரியரே முதன்மையாக இருந்தார்.

இந்த வேறுபாடு பிற்கால வரலாற்றிலும் தொடர்ந்தது. புரூக்ளின் சிறுவர் அருங்காட்சியகத்தின் பழைய கட்டடங்கள் சிதைந்து 1960களின் இறுதியில் மூடப்பட்டபோது, 1968இல் பெட்ஃபோர்டு அவென்யூவில் முன்பு வாகன விற்பனைக் கூடமாக இருந்த கட்டடத்தில் ‘மியூஸ்’ என்னும் பெயரில் பணி தொடர்ந்தது. அக்காலத்தில் அருங்காட்சியகம் அமைந்திருந்த கிரவுன் ஹைட்ஸ் பகுதியில் கறுப்பின மக்கள் பெருகியிருந்ததால் இசை, கலை ஆகியவற்றின் வகுப்புகளும் அதில் இடம்பெற்றன. 1977இல் பெரும்பகுதி நிலத்தடியில் அமைந்த புதிய கட்டடமும், 2008இல் ரஃபேல் வின்யோலி வடிவமைத்த மஞ்சள் நிற விரிவாக்கமும் திறக்கப்பட்டன. இதற்கிடையே பாஸ்டனில் 1960களில் மைக்கேல் ஸ்பாக் வளர்த்தெடுத்த, குழந்தை தானே இயக்கிப் பார்க்கும் காட்சிக்கூட முறை நாடெங்கும் பரவியது. ஆசிரியர் இல்லாமலேயே ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தத்தக்க அம்முறை சிக்கனமானது. எனினும், ஒரு கூட்டை வாரக்கணக்கில் கவனிக்கும் பொறுமைக்கு அதில் இடம் குறைவு.

இன்று பெரிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்கள் சிறுவர்க்கு நடத்தும் தொடர் வகுப்புகள் புரூக்ளின் முறைக்கு ஒருவகையில் திரும்பியிருக்கின்றன. சிறு குழு, ஒரே ஆசிரியர், கையில் எடுக்கத்தக்க பொருள், வாரந்தோறும் வருகை ஆகிய அனைத்தும் அவற்றில் உண்டு. ஆனால் அவற்றுள் பல, முன்பதிவும் பருவக் கட்டணமும் கேட்பவை. பெற்றோர் திட்டமிட்டு அழைத்து வரும் பிள்ளைகளுக்கே உரியவை. கேலப்பின் காலத்தில் கற்பிக்கும் முறையும் திறந்த கதவும் ஒன்றாகவே இருந்தன. பிற்காலம் முறையைப் போற்றிக் காத்தது. தெருவில் விளையாடிக் கொண்டிருந்த சிறுவன் நினைத்தபோது உள்ளே வரலாம் என்னும் உரிமையைப் பெரும்பாலும் கைவிட்டது.