பனியிலும் உதிராத பச்சை: கிறிஸ்துமஸ் மரம் பற்றிப் பலரும் அறியாத தகவல்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கடைத்தொகுதிகளின் நடுவே உயரமாக எழுந்து நிற்பது கிறிஸ்துமஸ் மரம். தேவாலயத்திலும் அண்டை வீட்டு வரவேற்பறையிலும் அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால், அந்தப் பெயருக்கு உரியது ஒரே ஒரு மரம் அல்ல. ஊருக்கு ஊர் வெவ்வேறு மரங்கள் அந்தப் பெயரைச் சுமக்கின்றன. அவற்றின் பின்னால் இருக்கும் சங்கதிகள் சில வியப்பைத் தரும். சில மனத்தைக் கனக்கச் செய்யும்.

பால்மரம் உதிர்க்கிறது, ஃபர் மரம் உதிர்ப்பதில்லை

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் உள்ள நம் நாட்டிலேயே பால்மரம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலைகளைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். அந்தக் காலத்தில் பால் குறையும். கைக்கு வரும் காசும் குறையும். ஆனால், மண்ணே உறைந்துபோகும் குளிர் நாடுகளில் ஃபர் மரமும் ஸ்புரூஸ் மரமும் பச்சை மாறாமல் நிற்கின்றன. எப்படி?

குளிர்காலத்தில் மரத்துக்குப் பெரிய ஆபத்து தண்ணீர்ப் பஞ்சம். நிலத்தடி நீர் உறைந்துவிட்டால் வேர் அதை உறிஞ்ச முடியாது. அகன்ற இலையோ ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் அங்குள்ள பல மரங்கள் இலையை உதிர்த்துத் தப்பிக்கின்றன. ஊசியிலை மரங்கள் வேறு வழி கண்டன. இலை ஊசிபோல ஒடுங்கியது; அதன்மேல் மெழுகுப் பூச்சு; மூச்சு விடும் துளைகள் உள்ளே பதிந்திருக்கும். ஈரம் எளிதில் வெளியேறாது. கீழே அகன்று மேலே குவியும் வடிவமும், வளைந்து கொடுக்கும் கிளைகளும் பனியைச் சறுக்கி விழச் செய்கின்றன.

பச்சை மாறாத மரம் என்றால் இலையே உதிராது என்று பொருள் அல்ல. ஒவ்வோர் ஊசியும் சில ஆண்டுகள் வாழ்ந்து பிறகு விழும். எல்லாம் ஒரே நேரத்தில் விழாததால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதற்கும் விதிவிலக்கு உண்டு. லார்ச் என்னும் ஊசியிலை மரம் ஒவ்வோர் ஆண்டும் மஞ்சளாகி மொட்டையாகிவிடும்.

ஆப்பிளிலிருந்து மின்விளக்கு வரை

இன்று பிரான்சில் உள்ள ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1605ஆம் ஆண்டு எழுதப்பட்ட குறிப்பு ஒன்று, வீட்டுக்குள் ஃபர் மரத்தை நிறுத்தி ஆப்பிள்களையும் காகித ரோஜாக்களையும் இனிப்புகளையும் தொங்கவிடும் வழக்கத்தைச் சொல்கிறது. 1848இல் விக்டோரியா ராணியின் குடும்பம் அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் இதழ் ஒன்றில் வெளிவந்தது. அதன்பிறகு இங்கிலாந்தில் அந்த வழக்கம் வேகமாகப் பரவியது.

அக்காலத்தில் மரத்தில் மெழுகுவத்திகளைத்தான் ஏற்றினார்கள். தீப்பிடிக்கும் பயத்தில் பக்கத்திலேயே வாளியில் தண்ணீர் வைத்துக்கொள்வார்கள். 1882இல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்டு ஜான்சன் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 மின்விளக்குகளைத் தம் வீட்டு மரத்தில் எரியவிட்டார். இன்று நாம் சுற்றும் விளக்குச் சரத்துக்கு அதுவே முன்னோடி.

9,500 ஆண்டு வேர்

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கும் மரம் நோர்வே நாட்டின் பரிசு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் செய்த உதவிக்கு நன்றியாக 1947 முதல் ஒஸ்லோ நகரம் ஆண்டுதோறும் ஒரு மரத்தை அனுப்புகிறது. அந்த மரம் நோர்வே ஸ்புரூஸ் வகை.

அதே வகை மரம் ஒன்று சுவீடனின் மலையில் நிற்கிறது. பெயர் ஓல்டு டிக்கோ. உயரம் சுமார் 5 மீட்டர்தான். பார்த்தால் சாதாரண மரம். ஆனால், அதன் வேர்ப்பகுதியை ஆராய்ந்தபோது வயது ஏறத்தாழ 9,550 ஆண்டுகள் என்று தெரிந்தது. தண்டு பட்டுப்போனாலும் வேர் அழியாமல் மீண்டும் மீண்டும் புதுத் தண்டை எழுப்பிக்கொண்டே வந்திருக்கிறது.

உச்சிக்கு ஏறும் மனிதர்கள்

ஐரோப்பிய வீடுகளில் இன்று அதிகம் விரும்பப்படுவது நார்டுமன் ஃபர். ஊசிகள் மென்மையானவை; சீக்கிரம் கொட்டாது. டென்மார்க்கில் இதைப் பெரிய அளவில் பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். ஆனால், விதையில் பெரும்பகுதி வருவது ஜார்ஜியா நாட்டின் ராச்சா மலைப் பகுதியிலிருந்து.

ஃபர் மரத்தின் காய்கள் உச்சிக் கிளைகளில் நிமிர்ந்து நிற்கும். முற்றினால் மரத்திலேயே உதிர்ந்து சிதறிவிடும். கீழே விழுந்த பிறகு பொறுக்கிக்கொள்ள முடியாது. ஆகவே, செப்டம்பரில் உள்ளூர் ஆட்கள் 30 மீட்டருக்கும் மேல் ஏறிக் கையால் பறிக்கிறார்கள். அது ஏறத்தாழ பத்து மாடிக் கட்டட உயரம். கயிறும் கச்சையும் இல்லாமல் ஏறி விழுந்தவர்கள் உண்டு, உயிரிழந்தவர்களும் உண்டு. பறித்த எடைக்கு ஏற்பக் கூலி. அந்த விதையிலிருந்து வளரும் மரம் விற்பனைக்கு வர எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும். அப்போது கிடைக்கும் விலைக்கும் ஏறியவர் பெற்ற கூலிக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. பாதுகாப்புக் கருவியும் பயிற்சியும் கொடுத்து விதை வாங்கும் முயற்சிகள் அண்மைக் காலத்தில் தொடங்கியிருப்பது ஓர் ஆறுதல். எடைக்குக் கூலி வாங்கிப் பழகிய தோட்டத்துக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

தோட்டத்தில் பெருகி, காட்டில் அழியும் மரம்

அமெரிக்காவில் பெயர்பெற்ற ஃபிரேசர் ஃபர் கதை வேறு. வட கரோலினாவின் பண்ணைகளில் இது லட்சக்கணக்கில் வளர்கிறது. ஆனால், இயற்கையாக வளரும் இடம் அப்பலாச்சியன் மலைத்தொடரின் தெற்கே உள்ள சில உயர்ந்த சிகரங்கள் மட்டுமே. ஐரோப்பாவிலிருந்து வந்த மிகச் சிறிய பூச்சி ஒன்று 1957இல் மிட்செல் மலையில் கண்டுபிடிக்கப்பட்டது. பட்டையில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சி அது முதிர்ந்த மரங்களைக் கொன்றது. பச்சையாக இருந்த சிகரங்களில் வெளுத்த மரக்கூடுகள் நின்றன. பண்ணையில் மருந்து தெளித்துக் காப்பாற்றலாம். காட்டில் அது எளிதல்ல. கடையில் குவிந்திருக்கும் மரம் காட்டில் அழிவின் விளிம்பில் இருப்பது பலருக்கும் தெரியாது.

நம் ஊர் 'கிறிஸ்துமஸ் மரங்கள்'

இங்கே விற்கும் உண்மையான ஃபர் மரங்கள் குளிரூட்டப்பட்ட கொள்கலன்களில் கடல் கடந்து வருபவை. நம் வெப்பத்துக்குப் பழகிய வேறு இரண்டு மரங்களும் அந்த இடத்தை நிரப்புகின்றன.

ஒன்று, பூங்காக்களில் அடுக்கடுக்காகக் கிளை விரித்து நிற்கும் அரௌகாரியா. 'நார்ஃபோக் பைன்', 'குக் பைன்' என்று அழைத்தாலும் இவை பைன் இனம் அல்ல. குக் பைனுக்கு ஒரு விந்தைக் குணம் உண்டு. அது பூமத்திய ரேகை இருக்கும் திசை நோக்கிச் சாயும். 2017இல் வெளிவந்த ஆய்வு, ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து இதை உறுதிசெய்தது. ரேகையிலிருந்து தள்ளிப் போகப் போகச் சாய்வும் கூடுகிறது. ரேகைக்கு அருகில் இருக்கும் நம் ஊரில் அது கண்ணில் படுவது அரிது.

மற்றொன்று, கடற்கரைச் சவுக்கு. மலாயில் ரூ. லங்காவியின் தஞ்சோங் ரூ, சிங்கப்பூரின் தஞ்சோங் ரூ இரண்டும் இந்த மரத்தால் பெயர் பெற்றவை. தமிழ்நாட்டுக் கிறிஸ்துவ வீடுகளிலும் சவுக்குக் கிளையை நட்டு அலங்கரிப்பது வெகுநாள் வழக்கம். பார்க்க ஊசியிலை மரம் போலவே இருந்தாலும் சவுக்கு பூக்கும் தாவரம். நாம் ஊசி என்று நினைப்பது மெல்லிய பச்சைக் குச்சி. அதைக் கணுக் கணுவாக இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் வட்டமாகச் சிறு பற்கள் தெரியும். அவைதான் அதன் இலைகள்.

வாங்குவோர் கவனத்துக்கு

இலையை வைத்தே மரத்தை அடையாளம் காணலாம். ஊசிகள் இரண்டு, மூன்று அல்லது ஐந்தாகக் கொத்தாக வந்தால் பைன். ஒற்றையாக, விரல்களுக்கு இடையே உருண்டால் ஸ்புரூஸ். தட்டையாக, உருளாமல் இருந்தால் ஃபர்.

வெட்டிய மரம் வாங்கினால், அடித்தண்டில் 2 செண்டிமீட்டர் அளவு புதிதாக அறுத்து உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். பிசின் அடைத்துக்கொண்டால் மரம் நீர் குடிக்காது. முதல் சில நாள் நிறையக் குடிக்கும். தினமும் பார்த்து ஊற்றவேண்டும். வெயில், காற்றாடி இரண்டுக்கும் தள்ளி வையுங்கள். காய்ந்த மரம் நொடியில் தீப்பிடிக்கும். சூடேறாத எல்இடி விளக்கே நல்லது. ஊசிகள் பொலபொலவெனக் கொட்டத் தொடங்கினால், பண்டிகை முடியும்வரை காத்திருக்காமல் மரத்தை வெளியே எடுத்துவிடுங்கள்.