விழாமலும் வலிப்பு வரும்

பதிவு கொஞ்சம் நீளம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் சஹனைச் சுற்றி இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து சஹனில் இருந்த தம்பி ஒருவர் திடீரென்று பின்பக்கம் சாய்ந்து விழுந்தார். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை. ஒரு காக்கா ஓடி வந்து மோட்டார் சைக்கிள் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். இன்னொருவர் பல்லுக்கிடையில் கரண்டியை வைக்கப் பார்த்தார். மூன்றாவது ஆள் போனை எடுத்து வீடியோ பிடித்தார். இரண்டு நிமிடத்தில் இழுப்பு நின்றது. "பாத்தீங்களா சேர், இரும்பு பட்ட ஒடனே நிண்டுட்டு" என்றார் சாவி வைத்த காக்கா.

அந்த இடத்தில் நான் தர்க்கம் பண்ணவில்லை. ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை. நான் சரித்திரம் படிப்பிக்கிறவன். இந்தச் சாவிக்கொத்துக்குப் பின்னால் மூவாயிரம் வருடச் சரித்திரம் இருக்கிறது.

வலிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் நீங்கள் சாவி வைத்தாலும், வெங்காயம் பிழிந்தாலும், செருப்பை மோக்கக் கொடுத்தாலும், ஒன்றுமே செய்யாமல் நின்றாலும் அது நிற்கத்தான் போகிறது. கடைசியாக என்ன செய்தோமோ அதற்குப் பெயர் போய்விடும். உலகத்தில் இந்த நோய்க்குக் கண்டுபிடித்த பொய் வைத்தியம் எல்லாம் உயிர் பிழைத்தது இந்த ஒரு காரணத்தால்தான்.

இன்றைய இராக் மண்ணில் பாபிலோனியர்கள் களிமண் பலகைகளில் எழுதிய வைத்திய நூல் ஒன்று இருக்கிறது. மூவாயிரம் வருடத்துக்கு முந்தையது. அதில் வலிப்பைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. வாசித்தால் ஆச்சரியமாக இருக்கும்: ஒரு பக்கம் மட்டும் இழுப்பது, கண் ஒரு பக்கம் திரும்புவது, நித்திரையில் வருவது என்று நுணுக்கமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் காரணம் என்று வரும்போது இந்த விதத்துக்கு இந்த ஆவி, அந்த விதத்துக்கு அந்தத் தெய்வம் என்று பங்கு பிரித்துவிட்டார்கள். கண் சரியாகப் பார்த்தது, காரணம்தான் பிழைத்தது.

சுமார் கி.மு. 400 அளவில் கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸின் பெயரில் வழங்கும் ஒரு சிறு நூல் இந்தக் கதையை உடைத்தது. அந்தக் காலத்தில் இதற்குப் 'புனித நோய்' என்று பெயர். நூலை எழுதியவரோ மற்ற நோய்களை விட இதில் புனிதம் ஒன்றும் கூடுதலாக இல்லை, கோளாறு மூளையில்தான் என்றார். தங்களுக்கு வைத்தியம் தெரியாததை மறைக்கத்தான் சிலர் தெய்வத்தின் மேல் பழி போடுகிறார்கள் என்றும் எழுதினார். இதே நோய் ஆடுகளுக்கும் வரும், அவற்றின் தலையைத் திறந்து பார்த்தால் உள்ளே நீர் கோத்திருக்கும் என்பது அவர் காட்டிய சாட்சி. ஆட்டுக்கு யார் செய்வினை வைப்பது?

அவருக்குப் பின் வந்த கேலன் ஒரு 13 வயதுப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். அவனுக்கு வலிப்பு கீழ்க்காலில் தொடங்கி, தொடை, விலா, கழுத்து என்று ஏறித் தலைக்குப் போய்ச் சேரும். இன்னொரு வாலிபன் அது குளிர்காற்று ஏறுவதுபோல இருக்கும் என்றானாம். காற்றுக்குரிய கிரேக்கச் சொல் 'ஓரா'. வலிப்பு வருமுன் தெரியும் அறிகுறியை டாக்டர்மார் இன்றும் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள்.

அறபியில் இந்த நோய்க்கு 'ஸர்உ' என்று பெயர். கீழே தள்ளி வீழ்த்துதல் என்று பொருள். இப்னு ஸீனா (மரணம் 1037) தன் 'கானூன்' நூலில் இதைத் தலை, மூளை சார்ந்த நோய்களோடு சேர்த்துத்தான் எழுதினார். மனச்சோர்வு நோயைப் பேசும் இடத்தில் அவர் சொன்ன ஒரு கருத்து இங்கும் பொருந்தும்: இது ஜின்னால் வருகிறது என்று சிலர் சொல்கிறார்கள், ஆனால் வைத்தியம் படிப்பவனுக்கு அது பிரச்சினையல்ல, உடம்பில் நடக்கும் மாற்றத்தைப் பார்த்து மருந்து கொடுப்பதே அவன் வேலை. ஆயிரம் வருடத்துக்கு முன் ஒரு முஸ்லிம் வைத்தியர் எழுதியது இது.

ஜின் இருப்பதை நான் மறுக்கவில்லை, அது நம் ஈமானோடு சேர்ந்தது. இப்னுல் கையிம் போன்ற அறிஞர்களும் ஸர்உ இரண்டு வகை என்று எழுதியவர்கள்தான். ஆனால் அவரே ஒரு வகை உடம்பின் கோளாறு, அது வைத்தியர்களுக்குரியது என்றும் எழுதினார். நாம் அந்தப் பாதியை மட்டும் வாசிக்காமல் விட்டுவிட்டோம்.

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் அந்தக் கறுப்பினப் பெண்ணின் ஹதீஸ் அநேகருக்குத் தெரியும். தனக்கு ஸர்உ வருகிறது, அப்போது உடை விலகிவிடுகிறது, துஆச் செய்யுங்கள் என்று நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டார். பொறுமையா, குணமா என்று அவர் விருப்பத்துக்கே விடப்பட்டது. பொறுமைக்குச் சுவர்க்கம் என்று கேட்டதும் பொறுமையைத் தேர்ந்துகொண்டு, உடை விலகாமல் இருக்க மட்டும் துஆக் கேட்டார். அப்படியே துஆச் செய்யப்பட்டது. மிம்பரில் இந்த ஹதீஸைப் பொறுமைக்காகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெண்ணின் வெட்கம்தான் நினைவில் நிற்கிறது. விழுந்து கிடக்கும்போது பிறர் பார்ப்பது, அவருக்கு நோயை விடப் பெரிய வேதனையாக இருந்திருக்கிறது. அந்த உம்மத்தில் வந்த நாங்கள் கல்யாண வீட்டில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

பழந்தமிழிலும் சமஸ்கிருதத்திலும் இதே கதைதான். நடராசர் சிலையின் காலடியில் கிடக்கும் குள்ள உருவம் முயலகன். வலிப்பு நோய்க்கும் முயலகன் என்று பெயர் இருந்தது. சமஸ்கிருதத்தில் அபஸ்மாரம், அதாவது நினைவு தப்புதல். நாம் சொல்லும் 'காக்கா வலிப்பு' கூட 'கால் கை வலிப்பு' திரிந்து வந்ததுதான், காகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பார்கள்.

கவனித்தீர்களா? அறபு 'விழுதலை'ப் பார்த்தது, தமிழ் கால் கை இழுப்பைப் பார்த்தது. சமஸ்கிருதப் பெயரில் மட்டும் நினைவு வருகிறது. விழாமல், இழுக்காமல், நினைவு மட்டும் சில விநாடி போய்வந்தால் அதை யார் வலிப்பு என்று சொல்வார்கள்? அதைக் கண்டுகொள்ளத்தான் இவ்வளவு காலம் எடுத்தது.

லண்டனில் 1860இல் வாத, வலிப்பு நோயாளிகளுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி திறந்தார்கள். அங்கே வேலை செய்த ஜோன் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற டாக்டர் வலிப்பு எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்தார். பெருவிரலில் தொடங்குகிறது, கைக்கு ஏறுகிறது, முகத்துக்குப் போகிறது. அப்படியென்றால் மூளையில் விரலுக்கு ஓர் இடம், முகத்துக்கு ஓர் இடம் இருக்க வேண்டும் என்று யோசித்தார். கேலனின் பையனுடைய காலில் ஏறியது காற்று அல்ல, மூளைக்குள் பரவிய மின்சாரம். வலிப்பு என்பது மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் திடீரென்று, அளவுமீறி நடக்கும் ஒரு வெளியேற்றம் என்று 1873இல் எழுதினார். மூளையின் மின்சாரத்தை அளக்கும் கருவி வருவதற்கு ஐம்பது வருடம் முன்னால்.

ஜாக்சனிடம் வந்தவர்களில் ஒருவர் தானும் ஒரு டாக்டர். குறிப்புகளில் அவர் பெயர் 'இசட்' மட்டும்தான். ஒருநாள் நோயாளி ஒருவரைச் சோதித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. அவர் விழவில்லை. நோயாளியைச் சோதித்தார், இடது நுரையீரலின் அடிப்பகுதியில் நியூமோனியா என்று எழுதினார், படுக்கைக்குப் போகச் சொன்னார். நினைவு திரும்பியபோது இதில் ஒன்றுமே ஞாபகமில்லை. பயந்துபோய்த் திரும்பவும் சோதித்தார், எழுதியது சரியாகத்தான் இருந்தது. நம்மூரில் இப்படி ஒருவர் நடந்துகொண்டால் என்ன பெயர் வைப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிவு செய்து 1929இல் வெளியிட்டார். இன்று இஇஜி என்று சொல்கிற சோதனை அதுதான். 1935இல் அமெரிக்காவில் கிப்ஸ், லென்னொக்ஸ், டேவிஸ் ஆகியோர், சில விநாடி வெறித்துப் பார்க்கும் பிள்ளைகளின் தலையில் அதை வைத்துப் பார்த்தார்கள். பிள்ளை சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறது. தாளில் விநாடிக்கு மூன்று தடவை என்று ஒழுங்காகக் கூரான அலைகள் ஓடுகின்றன. பராக்கு என்று சொன்னதெல்லாம் வலிப்பு என்று தெரிந்தது.

மருந்தின் கதை வேறு. 1857இல் புரோமைட், 1912இல் பீனோபார்பிட்டல், 1938இல் பெனிட்டோயின். பீனோபார்பிட்டல் வலிப்பைக் குறைக்கும் என்று கண்டவர் அல்பிரட் ஹோப்ட்மன் என்ற யூத டாக்டர். அவருடைய நாட்டிலேயே 1933இல் ஹிட்லரின் அரசு சட்டம் போட்டு, பரம்பரை வலிப்பு உள்ளவர்களைப் பிடித்துக் கட்டாயக் கருத்தடை செய்தது. அவரையும் நாட்டை விட்டுத் துரத்தியது. அவர் கண்ட குளிசை இன்றும் உலகம் முழுக்கக் கொடுக்கப்படுகிறது.

இப்போது என் கதை. பல வருடத்துக்கு முந்தையது. பெயரும் ஊரும் சொல்லமாட்டேன், கொமென்ட்டிலும் கேட்காதீர்கள். தரம் 4இல் ஒரு பெண் பிள்ளை. கெட்டிக்காரிதான், ஆனால் பாடம் நடக்கும்போது சுவரைப் பார்த்தபடி இருந்துவிடுவாள். கூப்பிட்டால் பதிலில்லை. பத்து விநாடியில் திரும்பி, ஒன்றும் நடக்காததுபோல எழுதுவாள். நான் அடிமட்டத்தால் மேசையில் தட்டியிருக்கிறேன். ஒருநாள் கையிலும் தட்டினேன். அவள் ஏன் என்று விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

பிறகு ஒருநாள் சொல்வதெழுதல் கொப்பிகளைத் திருத்தும்போது அவளுடையதில் ஒன்றைக் கண்டேன். பிழை குறைவு. ஆனால் வசனத்தின் நடுவில் மூன்று நான்கு சொல் இல்லை. இல்லாத இடத்துக்கு முன் பென்சில் கோடு கீழே இழுபட்டிருந்தது. அதற்குப் பிறகு எழுத்து மறுபடி நேராக ஓடியது. பழைய கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் அதே ஓட்டை. கவனமில்லாத பிள்ளை அப்படி எழுதாது. உம்மாவைக் கூப்பிட்டுக் கொப்பியைக் காட்டினேன். "வீட்டயும் இப்படித்தான் சேர், பார்வை பட்டிரிக்கி எண்டு ஓதித் தண்ணி குடுத்த" என்றார். ஓதுங்கள், கிளினிக்குக்கும் கொண்டுபோங்கள் என்றேன். போனார்கள். இஇஜி எடுத்தார்கள். குளிசை தொடங்கி சில கிழமையில் கொப்பியில் ஓட்டை நின்றது. அடித்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு எதற்கென்றே தெரியவில்லை, சிரித்தாள்.

ஆகவே நீங்கள் பார்க்கும் 'விழுந்து இழுப்பது' ஒரு வகை மட்டும்தான். பிள்ளை வெறித்துப் பார்ப்பது இன்னொரு வகை. காலையில் எழும்பியதும் கை திடீரென்று வெட்டித் தேத்தண்ணிக் கோப்பை பறப்பது ஒன்று. பொம்மைபோலப் பொத்தென்று சரிவது ஒன்று. வாயை மெல்லுவதுபோல அசைத்துக்கொண்டு, சட்டையைப் பிடித்துப் பிசைந்துகொண்டு, கூப்பிட்டால் விளங்காமல் நிற்பது ஒன்று, டாக்டர் இசட்டுக்கு வந்ததும் இதற்குச் சொந்தம். மூளையின் ஒரு பகுதியில் தொடங்குவது, ஒரே நேரத்தில் இரு பக்கமும் தொடங்குவது என்று டாக்டர்மார் முதலில் பிரிப்பார்கள். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றைக் கூட்டிவிடவும் கூடும். அதனால்தான் என்ன பார்த்தோம் என்று நாம் சரியாகச் சொல்வது முக்கியம். சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சலோடு வரும் வலிப்பு வேறு, அதை வைத்து வலிப்பு நோயாளி என்று முத்திரை குத்தக்கூடாது.

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒழுங்காக மருந்து எடுத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்றும் சொல்கிறது. நம்மிடம் அந்த மருந்து இடையில் நிற்பது இரண்டு நேரத்தில். ஒன்று நோன்பு. டாக்டரிடம் கேட்காமல் குளிசையை விட்டுவிடுவார்கள். நேரத்தை மாற்றலாமா என்று நோன்புக்கு முந்தியே கேளுங்கள், முடியாது என்றால் நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகை இருக்கிறது. மற்றது கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமல் முடித்து, குளிசையைக் கண்டுவிடுவார்கள் என்று பயந்து பிள்ளை மருந்தை நிறுத்திவிடும். ஒரு மாதத்தில் அந்த வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் விழும். பிறகு தலாக். இப்படி இரண்டு வீடு எனக்குத் தெரியும்.

இனி ஒருவர் விழுந்தால்: பக்கத்தில் உள்ள கதிரை, கிளாஸ் எல்லாவற்றையும் தள்ளுங்கள். தலைக்குக் கீழ் மடித்த சால்வையை வையுங்கள். அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் எதுவும் வைக்காதீர்கள், தண்ணியும் கூடாது. இழுப்பு நின்றதும் ஒரு பக்கமாகச் சரித்துவிடுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால், அல்லது நினைவு வராமல் திரும்பவும் இழுத்தால் 1990க்கு அடியுங்கள். உடை விலகியிருந்தால் மூடிவிடுங்கள்.

தரம் 3, 4 படிப்பிக்கிற டீச்சர்மாருக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்குச் சொல்வதெழுதல் கொப்பிகளை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். வசனத்தின் நடுவில் ஓட்டை இருந்தால் அடிமட்டத்தை எடுக்காமல் வீட்டாரைக் கூப்பிடுங்கள்.