பாடம் இலவசம், பயிற்சி?

அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களில் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை மாநிலங்களே முடிவு செய்கின்றன. 2010-ல் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் 'காமன் கோர்' என்ற பொதுவான தரநிலைகள் வந்தன. நியூயார்க் மாநிலம் அதே ஆண்டில் அவற்றை ஏற்றுக்கொண்டது. மத்திய அரசு நடத்திய 'ரேஸ் டு த டாப்' போட்டியில் சுமார் 70 கோடி டாலரும் வென்றது.

தரநிலை என்பது மாணவனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல்தான், பாடம் அல்ல. எனவே அந்தப் பணத்தில் பாடங்களும் எழுதப்பட்டன. 2011-ல் தொடங்கிய 'என்கேஜ் என்ஒய்' இணையதளத்தில் அவை இலவசமாகவே கிடைத்தன. உயர்நிலைப் பள்ளி ஆங்கிலத்துக்கு நாள்வாரியாகப் பாடம், கேள்வி, எதிர்பார்க்கும் பதில் எல்லாம் இருந்தன. 9-ஆம் வகுப்பில் ரோமியோ ஜூலியட் கூட உண்டு.

மாவட்டக் குழுக்கள் ஆல்பனியில் பயிற்சி பெற்று, ஊர் திரும்பி மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. பாடத்தை அப்படியே நடத்தலாம், மாற்றியும் நடத்தலாம். கட்டாயமில்லை.

சிக்கலே இங்குதான். அப்படியே நடத்துவதைவிட மாற்றி நடத்தத்தான் அதிகப் பயிற்சி தேவை. எந்தக் கேள்வியை விட்டால் பாடத்தின் நோக்கமே கெடும், எந்தக் கதைக்குப் பதிலாக வேறு கதை வைக்கலாம் என்பது புரிய வேண்டும். புரியாதவர் கையில் அது வெறும் வசனத்தாள்.

அதைப் புரிந்துகொள்ள அவகாசம் கிடைக்கவில்லை. பாடங்கள் முழுவதும் வெளிவருவதற்கு முன்பே, 2013-ல், கீழ் வகுப்புகளுக்குப் புதிய தேர்வு வந்தது. 2014 ஜூனில் உயர்நிலைப் பள்ளி ஆங்கிலத்துக்கும் வந்தது. 2015-ல் 3 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் தேர்வையே புறக்கணித்தார். 2017-ல் மாநிலம் தரநிலைகளைத் திருத்தியது.

பாடம் எழுதப் பணம் போதும். அதைத் தன் வகுப்புக்கு ஏற்றபடி மாற்ற ஆசிரியருக்குக் காலமும் வேண்டும். நியூயார்க் முதலாவதைத்தான் தாராளமாகக் கொடுத்தது.